எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, முட்டிக்கு முன்னால் வலிக்கிறது: மூட்டு மாற்றுக்குப் பின் நீடித்த வலி பற்றிய நிகழ்வு ஆய்வு

இது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. மூட்டு மாற்று வெளிநோயாளர் பிரிவுகளில் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு வகை வலியை, யாருடைய அடையாளமும் இல்லாமல் ஒருவராகக் கோத்து எழுதிய மாதிரி நிகழ்வு. நோயாளியின் எண்கள் அந்த வகைக்குப் பொருந்தும்படி வைத்தவை. ஒப்பீட்டுக்குச் சொல்லும் வரம்புகள் நடைமுறையில் உள்ளவை.

முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு வலிதான் பெரிய காரணம். அதிலும் முட்டிக்கு முன்புற வலி தனி ரகம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். "படம் நல்லா இருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்ற பதிலோடு நோயாளி மாதக்கணக்கில் அலைவார். படம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் தேவையான படம் அதுவாக இருக்காது.

நோயாளி

வயது 61, பெண். உயரம் 152 செ.மீ., எடை 71 கிலோ. பத்தாண்டுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.2. மாடி வீடு, 17 படி. உள்பக்கத் தேய்மானத்தோடு 12 டிகிரி வெளிவளைவும் இருந்ததால் 14 மாதம் முன்பு வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று நடந்தது. சிமென்ட் வைத்துப் பொருத்திய பி.எஸ். வகை மூட்டு, அதாவது பின் சிலுவைத் தசைநாரை எடுத்துவிட்டு அதன் வேலையை நடுவில் நிற்கும் பிளாஸ்டிக் முளைக்குக் கொடுக்கும் அமைப்பு. முட்டிச்சில்லின் அடியில் பட்டன் (உலோகத்தில் எலும்பு உரசாமலிருக்க வைக்கும் பிளாஸ்டிக் வில்லை) வைக்கவில்லை. ஓரத்து எலும்பு முளைகளைச் சீவி, சுற்றிலும் காட்டரியால் (மின்சூட்டுக் கருவி) சுட்டுவிட்டிருந்தார்கள்.

காயம் 12 நாளில் ஆறியது. கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை. முதல் ஆறு வாரம் வாக்கரில் வீட்டுக்குள் நடந்தவரை பெரிய புகார் எதுவும் இல்லை. மூன்றாவது மாதம் படி ஏறி இறங்கத் தொடங்கியபோதுதான் வலி தலைகாட்டியது. அவர் சொன்ன விதம்: "சமதரையில நடந்தா ஒண்ணும் தெரியல. படி எறங்குறப்பதான் முட்டிக்கு முன்னால குத்துது. பஸ்ஸுல கால மடக்கி ரொம்ப நேரம் உக்காந்தா எழுந்திரிக்க முடியல."

பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதில், சமதரையில் 2, படி ஏறும்போது 5, இறங்கும்போதும் தாழ்வான நாற்காலியிலிருந்து எழும்போதும் 7. படுத்திருக்கும்போதும் இரவிலும் வலி இல்லை.

இந்த நாலு வரியிலேயே பாதி விசாரணை முடிந்துவிடுகிறது. அறுவைக்கு முன்பிருந்த அதே வலி மாறாமல் தொடர்ந்தால் முழங்காலை விட்டு இடுப்பு மூட்டையும் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும். அறுவை முடிந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வலி விட்டதில்லை என்றால், ஓய்விலும் வலி என்றால், முதல் சந்தேகம் கிருமித்தொற்று. எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குத்திப் பிறகு குறைந்தால் பாகம் தளர்ந்திருக்கலாம். நன்றாக இருந்த கால் சில ஆண்டு கழித்து வலித்தால் தளர்வு, பிளாஸ்டிக் தேய்மானம், தாமதமாக வந்த தொற்று. முட்டி மடங்கியபடி எடை தாங்கும்போது மட்டும் முன்னால் வலிப்பது, சில்லுக்கும் தொடையெலும்புப் பாகத்துக்கும் இடையிலான மூட்டு சொல்லும் வலி. படி இறங்கும்போது அந்த மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம் விழுகிறது. ஆழ்ந்து குந்தினால் ஏழெட்டு மடங்கு.

இதற்குள் செய்து பார்த்தவை: பல வாரம் சூடு ஒத்தடமும் கரண்ட் சிகிச்சையும், விட்டுவிட்டு வலி மாத்திரை, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக். ஒருவர் முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றிருக்கிறார், நல்ல வேளையாக அது நடக்கவில்லை. செயற்கை மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடுவது தொற்றுக்குக் கதவைத் திறந்து வைப்பது. இன்னொருவர், சில்லில் பட்டன் வைக்காததுதான் காரணம், அதை வைத்துவிட்டால் தீர்ந்தது என்றார். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த யோசனைதான் இந்த நிகழ்வின் மையச் சிக்கல்.

உடல் பரிசோதனை

நடக்கவிட்டுப் பார்த்தபோது வலது பாதம் இடதைவிட வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. சற்றுக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு படியில் ஏறி இறங்கச் சொன்னபோது, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து இறங்கினார்.

நீட்டல் முழுமை, மடக்கல் 105 டிகிரி. படுத்த நிலையில் காலை நேராகத் தூக்கச் சொன்னால் முட்டி 5 டிகிரி தொய்ந்தது. முட்டிச்சில்லுக்கு 10 செ.மீ. மேலே அளந்ததில் வலது தொடை 2.5 செ.மீ. சிறுத்திருந்தது. மூட்டில் நீர் மிகக் கொஞ்சம். சில்லின் வெளி ஓரத்தை அழுத்தினால் வலி. அந்த ஓரத்தைக் கட்டை விரலால் மேல்நோக்கித் தூக்கிப் பார்த்தால் தூக்க வரவில்லை, வெளிப்பக்கத் திசுக்கள் இறுகியிருந்தன. உட்கார்ந்து மெதுவாக மடக்கியபோது, 30 டிகிரி அருகில் சில்லு வெளிப்பக்கம் வழுகி மறுபடி உள்ளே வந்தது. இதைப் பார்க்க நோயாளி கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்கார வேண்டும், பரிசோதிப்பவரின் கண் முட்டியின் உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் தவறிவிடும்.

பக்கவாட்டு உறுதியை 0, 30, 90 என மூன்று மடக்கலிலும் பார்க்க வேண்டும். நீட்டிய நிலையில் மட்டும் பார்த்து "ஸ்டேபிள்" என்று எழுதுவது பரவலான குறை. இங்கே மூன்றிலும் உறுதியாகவே இருந்தது. பாதி மடக்கலில் ஆட்டம் இருந்தால் அடிக்கடி நீர் கோக்கும், படியில் காலை நம்ப முடியாது, உள்பக்கம் முட்டிக்குக் கீழே தசைநார்கள் பதியும் இடத்தில் தொட்டால் வலிக்கும். அந்த மூன்றும் இவரிடம் இல்லை.

தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு மரத்த இடம் இருந்தது. முன்பக்கத் தோலுக்கு வரும் சிறு நரம்புக்கிளை வெட்டுப்பட்டதால் வருவது அது. மூட்டு மாற்றில் அதைத் தவிர்ப்பது அரிது, மரத்துப்போவது மட்டும் நோயல்ல. தழும்பை ஒட்டி ஒரு புள்ளியைத் தட்டினால் மின்சாரம் அடித்ததுபோல் ஓடினால் நரம்பு முடிச்சு என்று சந்தேகிக்கலாம். அப்போது மூட்டுக்குள் போகாமல் அந்தப் புள்ளியில் மட்டும் 2 மி.லி. லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைப் போட்டு, உடனே படி ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தால் விடை கிடைக்கும். இவருக்குத் தட்டியதில் ஒன்றுமில்லை.

தோல் நிறம், சூடு, வியர்வை எல்லாம் இரண்டு காலிலும் ஒன்றுபோல. துணி பட்டால் எரிகிறது போன்ற பேச்சே இல்லை. இடுப்பு மூட்டைச் சுழற்றினாலும் நேராகக் காலைத் தூக்கினாலும் முட்டி வலி வரவில்லை.

தொற்று இல்லை என்று முதலில் உறுதி

எந்த வலி என்றாலும், என்ன தோன்றினாலும், இதைத் தாண்டிப் போகக் கூடாது. உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்த அளவுகள் இரண்டு: இ.எஸ்.ஆர். 24, சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மி.கி. பொதுவாக எடுத்துக்கொள்ளும் வரம்பு முறையே 30, 10. இரண்டும் கீழே இருந்தாலும் மறு அறுவை யோசனையில் இருக்கும் மூட்டில் நீர் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். மெதுவாக வளரும் கிருமிகள் ரத்தத்தில் அடையாளம் காட்டாமல் இருக்கும்.

அந்த ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கால் இங்கே நாள் கடந்தது. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரமாவது விட்டுத்தான் நீர் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பொய் சொல்லும். எடுத்தது 6 மி.லி., வைக்கோல் நிறம். வெள்ளணு மைக்ரோ லிட்டருக்கு 380, அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 22 சதவீதம். 3,000-க்கு மேல் வெள்ளணு, 80 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால் தொற்று என்றே கொள்ளலாம். 1,500-ஐத் தாண்டினாலே சும்மா விடக் கூடாது. கல்ச்சரை 14 நாள் வைத்துப் பார்க்கும்படி ஆய்வகத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக ஐந்து நாளில் முடித்துவிடுவார்கள். 14 நாளிலும் வளர்ச்சி இல்லை.

நீர் எடுக்கும்போது மரப்பு மருந்தைத் தோலில் மட்டும் போட்டார்கள், மூட்டுக்குள் விடவில்லை. லிக்னோகெயினுக்கே சிறிது கிருமி கொல்லும் தன்மை உண்டு.

எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டியவை

கையில் இருந்தவை நேர்ப்படம் ஒன்று, பக்கப்படம் ஒன்று. நேர்ப்படத்தில் பாகங்கள் நேராக, சிமென்ட் ஓரத்தில் தளர்வைக் காட்டும் கறுப்புக் கோடு இல்லாமல் இருந்தன. இடுப்பு முதல் கணுக்கால் வரை நிற்கவைத்து எடுத்த படத்தில் கால் அச்சு 179 டிகிரி. வளைவை நிமிர்த்திய வேலை குறை சொல்ல முடியாதது.

பக்கப்படம் கொஞ்சம் சாய்ந்திருந்ததால் மறுபடி எடுக்கப்பட்டது. தொடையெலும்புப் பாகத்தின் இரண்டு பின் வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாத பக்கப்படத்தில் எதையும் அளக்கக் கூடாது. சரியான படத்தில் மூன்று விஷயம் பார்க்கப்பட்டது. சில்லின் உயரம்: சில்லின் கீழ்த் தசைநாரின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுத்தால் வரும் விகிதம் 1.0 (0.8-க்குக் கீழ் போனால் சில்லு தாழ்ந்திருக்கிறது). மூட்டுக்கோடு: இடது காலோடு ஒப்பிட்டதில் 2 மி.மீ. மட்டும் உயர்வு. 8 மி.மீ.க்கு மேல் உயர்ந்தால் தசைநார் சுருங்காமலேயே சில்லு தாழ்ந்ததுபோல் ஆகி பிளாஸ்டிக்கின் முன் விளிம்பில் இடிக்கும். முன்புறத் தடிமன்: தொடையெலும்புப் பாகத்தின் முன் தகடு எலும்போடு ஒட்டியே இருந்தது. பின்புறத்தை ஆதாரமாக வைத்து அளக்கும் கருவியில் இரண்டு அளவுக்கு நடுவே விழுந்தால், பெரியதை எடுப்பவருக்கு முன்பக்கம் தடித்துவிடும். பிறகு சில்லு ஒவ்வொரு மடக்கலிலும் அழுந்தும். உயரம் குறைந்த பெண்களின் முழங்காலில் இது எளிதாக நேரும்.

யாரும் அதுவரை எடுக்காதது, முட்டியை 45 டிகிரி மடக்கிச் சில்லை மேலிருந்து கீழாகப் பார்க்கும் ஸ்கைலைன் படம். தனி மேசையோ பலகையோ வேண்டும், நேரம் பிடிக்கும், அதனால் விட்டுப்போகும். முன்புற வலிக்கு இந்தப் படம் இல்லாமல் பேசுவதில் பொருளில்லை. இவருக்கு அதில் சில்லு 11 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்து, 4 மி.மீ. வெளியே தள்ளி நின்றது. வெளி ஓர எலும்பு அடர்ந்து வெளுத்திருந்தது. உலோகத்தில் அந்த ஓரம் மட்டுமே உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பட்டன் வைக்கச் சொன்னவரின் வாதம் இங்கே வலுக்கிறது: எலும்பு நேராக உலோகத்தில் உரசுகிறது, நடுவில் பிளாஸ்டிக் வைத்தால் ஆயிற்று. ஆனால் கேள்வி, சில்லு ஏன் சாய்ந்தது என்பதுதான்.

சி.டி. ஸ்கேன்: திருப்பத்தை அளப்பது

நேர்ப்படமும் பக்கப்படமும் காட்டாதது, பாகங்கள் தங்கள் அச்சில் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே திரும்பிப் பதிந்திருக்கின்றன என்பது. அதற்கு உலோகச் சிதறலைக் குறைக்கும் அமைப்போடு எடுத்த சி.டி. வேண்டும். 1998-ல் ரிச்சர்ட் பெர்கரும் சகாக்களும் வெளியிட்ட முறையே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

தொடையெலும்பில், உள் வெளி மேடுகளை இணைக்கும் கோட்டுக்கும் பாகத்தின் பின் வளைவுகளைத் தொடும் கோட்டுக்கும் இடையே உள்ள கோணம். பெண்களுக்கு இயல்பு 0.3 டிகிரி, ஆண்களுக்கு 3.5, இரண்டும் உள்நோக்கி. இவருக்கு 2.

கீழே டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு), அதன்மேல் பொருத்திய தட்டுக்குச் சற்றுக் கீழான வெட்டில் எலும்பின் மையத்தைக் குறித்து, அதைச் சில்லின் தசைநார் பதியும் முன்மேடு எடுப்பாகத் தெரியும் வெட்டுக்கு இறக்கி, மையத்திலிருந்து மேட்டின் உச்சிக்கு ஒரு கோடு. தட்டின் முன்பின் அச்சு அந்தக் கோட்டிலிருந்து 18 டிகிரி உள்நோக்கி இருப்பது இயல்பு. இவருக்கு 24. ஆக, கீழ்த்தட்டில் 6 டிகிரி அதிகம். மேல்பாகத்தில் ஏறக்குறைய 2. மொத்தம் 8 டிகிரி உள்திருப்பம்.

பெர்கரின் கணக்கில் மொத்த உள்திருப்பம் 1 முதல் 4 டிகிரி என்றால் சில்லு சாயும், 3 முதல் 8 என்றால் இடம் விலகும், 7 முதல் 17 என்றால் முழுதாக நழுவும் அல்லது சில்லுப் பாகம் கெடும். வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதைக் கவனிக்க வேண்டும். இதே முறையில் இருவர் அளந்தால் 2, 3 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். அதனால் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து பார்ப்பது நல்லது. சி.டி. எண் மட்டும் அறுவை மேசைக்கு அழைத்துப் போகாது. எண்ணும் ஸ்கைலைன் படமும் விரலுக்குப் பட்டதும் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும். இங்கே மூன்றும் வெளிப்பக்கத்தையே காட்டின.

உள்ளே திரும்பிய தட்டு சில்லை எப்படி வெளியே தள்ளும் என்பது பலருக்குக் குழப்பம். மேல்பாகமும் கீழ்த்தட்டும் ஒன்றோடொன்று பொருந்தியே இயங்கும். தட்டு உள்நோக்கிப் பதிந்திருந்தால், அது நேராக வரும்போது அதன் கீழே இருக்கும் டிபியா எலும்பு வெளிப்பக்கம் திரும்பும். எலும்போடு அதன் முன்மேடும், மேட்டில் பதிந்த தசைநாரும் வெளியே போகும். தசைநார் சில்லைத் தன் பக்கம் இழுக்கும். கிணற்று ராட்டினத்துக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நின்று இழுத்தால் கயிறு விளிம்பில் ஏறி அறுபடுவதைப்போலத்தான். நடக்கும்போது பாதம் வெளியே திரும்பியிருந்ததும் இதனால்தான்.

வேறு எதுவாக இருக்கலாம் என்று பார்த்தது

பி.எஸ். வகையில் சில்லின் மேல் முனையில் நார்முடிச்சு வளர்ந்து, மடக்கிய காலை நீட்டும்போது 30 முதல் 45 டிகிரி அருகில் "டக்" என்று சத்தத்தோடு துள்ளும். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வரும், துளை வழியாகவே சீவி எடுத்துவிடலாம். இவருக்குக் கையை வைத்துப் பார்த்தபோது நறநறப்பு இருந்தது, துள்ளல் இல்லை. சில்லுக்குக் கீழே தசைநாரின் பின்னால் இருக்கும் கொழுப்புத் திண்டு தழும்பாகி இறுகினால் தசைநாரின் இரு பக்கமும் அழுத்தும்போது வலிக்கும், அதுவும் இல்லை. சில்லு எலும்பு முறிவோ ரத்த ஓட்டம் கெட்ட அறிகுறியோ படத்தில் இல்லை.

எலும்பு ஸ்கேன் எடுக்கவில்லை. அறுவைக்குப் பின் ஒன்றரை ஆண்டு வரை அது இயல்பாகவே ஒளிரும் என்பதால் 14-வது மாதத்தில் அதிகம் உதவாது. உலோக ஒவ்வாமைக்குத் தோல் சோதனை செய்யலாமா என்று குடும்பத்தினர் கேட்டனர். தோல் சோதனையில் நிக்கல் ஒவ்வாமை வருவதற்கும் மூட்டு வலிப்பதற்கும் உள்ள தொடர்பு உறுதியாகவில்லை. எல்லாவற்றையும் விலக்கிய பிறகு கடைசியில் யோசிக்க வேண்டியது அது.

தூக்கம், மனச்சோர்வு, உடம்பில் வேறு பல இடங்களில் வலி ஆகியவையும் கேட்கப்பட்டன. வலி உணர்வே தீட்டிவிடப்பட்ட நிலை இருந்தால், எவ்வளவு சரியாகத் திருத்தி வைத்தாலும் வலி போகாது. அங்கே டுலாக்சிடின் போன்ற மருந்துக்கும் வலி மருத்துவருக்கும்தான் வேலை. இவருக்கு வலி ஒரே இடத்தில், ஒரே அசைவில். வைட்டமின் டி 17 என்று குறைவாக இருந்ததால் ஈடு செய்யப்பட்டது. அதனால் முட்டி வலி குறையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

12 வாரம் தசைப் பயிற்சி

காரணம் பொருத்திய விதத்தில்தான் என்று தெரிந்தபிறகும் உடனே கத்தி எடுக்கவில்லை. மூட்டு மாற்று முடிந்த ஒரு மாதத்தில் தொடை முன்தசையின் பலம் அறுவைக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இவருக்கு அது மீளவே இல்லை. ஒத்தடமும் கரண்டும் தசையை வளர்க்காது, எடைதான் வளர்க்கும்.

முதல் இரண்டு வாரம்: முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலை நீட்டி 5 விநாடி பிடிப்பது, 10 தடவை வீதம் மூன்று சுற்று. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவதும் அதே அளவு. இடுப்பின் வெளிப்பக்கத் தசை தளர்ந்தால் தொடை உள்ளே சரிந்து சில்லு இன்னும் வெளியே போகும், அதனால் இதை விடக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து 50 செ.மீ. உயர நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருதல், 10 செ.மீ. பலகையில் ஏறி இறங்குதல். வலி பத்துக்கு 4-ஐத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்தும் இருந்தால் பலகையை 15, பிறகு 20 செ.மீ. ஆக்கலாம். வீங்கினால் ஒரு படி கீழே. வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி, இடைநாளில் ஓய்வு. தினமும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்று வற்புறுத்தும் உறவினர்களிடம்தான் இதை அதிகம் விளக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் தரையில் உட்காருவதை நிறுத்தி, தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகளை அப்புறப்படுத்தி, கழிப்பறையில் மேற்கத்திய இருக்கையோடு பக்கவாட்டுக் கைப்பிடி. சில்லை உள்பக்கம் இழுத்து ஒட்டும் டேப் போட்ட நாட்களில் படி வலி ஒன்றிரண்டு புள்ளி குறைந்தது. குணப்படுத்தாது என்றாலும், சில்லை நகர்த்தினால் வலி குறைகிறது என்பது காரணத்தைப் பற்றிய இன்னொரு சாட்சி.

12-வது வாரம்: காலைத் தூக்கும்போது தொய்வு இல்லை. தொடைச் சுற்றளவு வித்தியாசம் 1.5 செ.மீ. சமதரை வலி 1. படி இறங்கும்போது 5-லேயே நின்றது, கடைசி நாலு வாரத்தில் அசையவில்லை. தசை செய்யக்கூடியதைச் செய்துவிட்டது.

முடிவு எடுத்த விதம்

பட்டன் மட்டும் வைப்பது சின்ன அறுவை. அமெரிக்காவில் முதல் அறுவையிலேயே பெரும்பாலோருக்குப் பட்டன் வைத்துவிடுகிறார்கள், ஸ்வீடனில் பெரும்பாலோருக்கு வைப்பதில்லை. இரண்டு நாட்டிலும் மூட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. வலிக்கிறது என்பதற்காகப் பின்னால் பட்டன் வைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது வலி போவதில்லை. காரணம் ஊகிக்கக் கடினமல்ல: சில்லை இழுக்கும் திசை மாறாமல் இருக்கும்போது, எலும்பு உரசிய இடத்தில் இனி பிளாஸ்டிக் உரசும், ஒரு பக்கமாகத் தேயும், தளரும். வெளிப்பக்கத் திசுவை மட்டும் வெட்டித் தளர்த்துவதும் அப்படித்தான். பட்டன் தனியாகப் பலன் தருவது, திருப்பம் சரியாக இருந்து சில்லின் எலும்பு மட்டும் தேய்ந்தவர்களிடம்.

கீழ்த்தட்டை மட்டும் மாற்றுவதா, இரண்டையுமா? மேல்பாகத்தின் 2 டிகிரி அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். 90 டிகிரி மடக்கலில் வெளிப்பக்கம் தளர்ந்தும் உள்பக்கம் இறுகியும் இருந்திருந்தால் மேல்பாகமும் உள்ளே திரும்பியிருக்கிறது என்று எடுத்து அதையும் கழற்ற வேண்டியிருக்கும். அப்படி இல்லை. கீழ்த்தட்டை மட்டும் மாற்றி, சில்லுக்குப் பட்டன் வைப்பது என்று முடிவானது.

ஒரு பாகத்தை மட்டும் மாற்ற, உள்ளே இருக்கும் மூட்டின் நிறுவனம், மாடல், அளவு தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பொருந்தும் தட்டும் பிளாஸ்டிக்கும் வரவழைக்க முடியாது. அறுவைக் குறிப்பில் ஒட்டும் ஸ்டிக்கர்களில் இது இருக்கும். நோயாளிக்குத் தரும் டிஸ்சார்ஜ் தாளில் பல சமயம் இருக்காது. இவருடைய மகள் ஸ்டிக்கர் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். மூட்டு மாற்று செய்துகொள்ளும் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய தாள் அது.

மறு அறுவையில் தொற்று அபாயம் முதல் அறுவையைவிடக் கூடுதல், சர்க்கரை அதைக் கூட்டும், வலி முழுதாகப் போகும் என்று உறுதி தர முடியாது என்பதையெல்லாம் எழுத்தில் கொடுத்துப் பேசினார்கள். பாதங்களில் புண்ணோ பல்லில் சீழோ இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள்.

அறுவை

பழைய தழும்பு வழியாகவே நுழைவு. திசுத் துண்டுகள் ஐந்து இடத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவியோடு. பிளாஸ்டிக்கைக் கழற்றியதும் மேல்பாகம் அசையாமல் இருக்கிறதா என்று நெம்பிப் பார்த்தது. தட்டுக்கும் சிமென்ட்டுக்கும் இடையே மெல்லிய ரம்பத்தை ஓட்டி, பிறகு மெல்லிய உளிகளை அடுக்கி மெதுவாகத் தூக்கியது. அவசரப்பட்டு அடித்துக் கழற்றினால் உள்பக்கத்து எலும்பு பெயர்ந்து வரும்.

முதல் அறுவையில் தட்டு ஏன் உள்ளே திரும்பியது? இரண்டு வழி உண்டு. டிபியாவின் வெளிப் பின் மூலை சரியாக வெளியே தெரியாவிட்டால், சில்லும் அதன் தசைநாரும் முன்னால் தடுத்துத் தட்டைத் தள்ளிவிடும். தள்ளும் திசை எப்போதும் உள்பக்கம்தான். இன்னொன்று, எலும்பு முழுவதும் மூடும்படி தட்டைப் பொருத்தும் ஆசை. டிபியாவின் மேற்பரப்பு இரு பக்கமும் சமமானதல்ல, உள்பாதி பெரியது. சமச்சீர் தட்டை வைத்து முழுதும் மூடப் பார்த்தால் அது தானாக உள்நோக்கிச் சுழலும். மூலையில் இரண்டு மி.மீ. எலும்பு மூடாமல் நிற்பது பரவாயில்லை, திருப்பம் தப்பக் கூடாது.

புதிய திசைக்கு, பின் சிலுவைத் தசைநார் பதிந்த இடத்தின் நடுவிலிருந்து முன்மேட்டின் உள்பக்கத்து மூன்றிலொரு பகுதிக்குக் கோடு போட்டு, தட்டை அதில் நிறுத்தினார்கள். பழைய தட்டின் அடியில் எலும்புக்குள் இறங்கும் முளை விட்ட பள்ளம் பழைய திசைக்கே இழுக்கும் என்பதால் அதன் ஒரு பக்கத்தைச் செதுக்கி, மறுபக்கம் சிமென்ட் நிரப்பி, சிறு தண்டு சேர்த்த தட்டு. பிளாஸ்டிக் 9-லிருந்து 11 மி.மீ. ஆனது.

சில்லின் தடிமன் 21 மி.மீ. வெட்டிய பின் 13 மிச்சம், அதில் 8 மி.மீ. பட்டன், மொத்தம் பழைய 21. மிச்ச எலும்பு 12-க்குக் கீழே போனால் முறியும், மொத்தம் பழையதைவிடக் கூடினால் மடக்கல் குறையும், வலி திரும்பும். பட்டனை நடுவில் வைக்காமல் உள் ஓரம் தள்ளி வைத்தார்கள், வெளியே மிஞ்சிய எலும்பு விளிம்பைச் சரித்துச் சீவினார்கள்.

கட்டை விரலால் பிடிக்காமலே சில்லு பள்ளத்தில் ஓடுகிறதா என்ற சோதனையை, ரத்தம் வராமலிருக்கத் தொடையில் இறுகக் கட்டும் பட்டையான டூர்னிக்கேயைத் தளர்த்திய பிறகே செய்ய வேண்டும். கட்டியிருக்கும்போது தொடைத் தசை இறுகிச் சில்லை வெளியே இழுக்கும், தேவையில்லாமல் வெளிப்பக்கத் திசுவை வெட்டத் தோன்றும். அதை வெட்டும்போது சில்லின் மேல் வெளி மூலைக்கு வரும் ரத்தக்குழாய் அறுந்தால் சில்லு எலும்பே செத்துப்போகலாம். இங்கே தளர்த்திய பிறகு சில்லு நேராக ஓடியது. வெளிப்பக்கத்தைத் தொடவில்லை.

பிறகு

மறுநாளே முழு எடை வைத்து வாக்கரில் நடை. ஐந்து திசுத் துண்டிலும் 14 நாளில் வளர்ச்சி இல்லை. ஆறாவது வாரத்தில் 10 செ.மீ. பலகை, மூன்றாவது மாதத்தில் மாடிப்படி. மறுபடி எடுத்த சி.டி.யில் கீழ்த்தட்டு 19 டிகிரி, மொத்த உள்திருப்பம் 3. ஸ்கைலைன் படத்தில் சாய்வு 3 டிகிரி.

ஓராண்டில் படி இறங்கும்போது வலி 2, தாழ்வான நாற்காலியில் எழும்போது 3. மடக்கல் 110. கைப்பிடியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு கால் என்று நேராக இறங்குகிறார். மண்டியிட முடிவதில்லை. தழும்பின் மேல் எடை விழுவது மூட்டு மாற்று செய்த பலருக்கும் கூசும். மெத்தையில் தினம் சில நிமிடம் மண்டியிட்டுப் பழகச் சொல்லியிருக்கிறது. வெளிப்பக்கத்து மரத்த இடம் அப்படியே இருக்கிறது.

இடது முழங்காலும் தேய்ந்துவருகிறது. அதற்கு நாள் குறிப்பதற்கு முன் இடது காலுக்கும் ஸ்கைலைன் படம் எடுத்தாயிற்று. அதில் சில்லின் வெளி ஓரம் ஏற்கெனவே தேய்ந்திருப்பதால், அந்தக் காலில் முதல் அறுவையிலேயே பட்டன் வைப்பதாகக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது.